முதுகுவலி, முட்டிவலிக்கு புரோட்டோகால் எழுதுறோம், கரண்ட் வைத்தியத்தை எடுத்துரலாமா?

திருமங்கலம்_பிசியோ:
சின்ன கிளினிக், நாங்க மூணு பேரு. ஒரே இடுப்புவலிக்கு நான் ட்ராக்ஷன் (இடுப்பை இழுத்துப் புடிக்கிறது) போடுவேன், இன்னொருத்தர் ஐஎஃப்டி (ஒரு வகை கரண்ட் மெசினு) வைப்பாரு, வர்றவங்களே குழம்பிப் போறாங்க, அதான் ஆதாரத்தை வச்சு ஒரே மாதிரி எழுதிருவோம்னு உக்காந்தோம். 2023 டிசம்பர்ல டபிள்யூஎச்ஓ (உலக சுகாதார நிறுவனம்) நாள்பட்ட இடுப்புவலிக்கு விட்ட வழிகாட்டுதல்ல ட்ராக்ஷன், அல்ட்ராசவுண்ட், டென்ஸ் (தோல் மேல ஒட்டி வைக்கிற கரண்ட்), பெல்ட் நாலும் வேணாம்ங்குது. இங்க வாசப்படி ஏறும்போதே "தம்பி கரண்ட் வச்சு விடுப்பா"ங்குறாங்க. எடுத்துட்டா அடுத்த தெருவுக்குப் போயிருவாங்களே?

மேலூரான்:
புதுசா எழுதாதீங்க தம்பி, மூணு பேரு வேலை இல்ல அது. ஏற்கனவே இருக்கற வழிகாட்டுதலை எடுத்து நம்மூருக்குத் தோதா மாத்துங்க. எதை நம்பலாம்னு பாக்க அக்ரீ 2ன்னு 23 கேள்வி இருக்கு, காசு குடுத்தவன் கை உள்ள பூந்துச்சா, நோயாளிகிட்ட கேட்டாங்களா எல்லாம் வரும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல ஆதாரம் ஹையா, மாடரேட்டா, லோவா, வெரி லோவான்னு போட்டுருங்க. "நம்ம கைராசி" அதுல சேராது (எனக்கும் வலிச்சுச்சு, அம்புட்டு வருசம் அல்ட்ராசவுண்ட் தேச்சவன் நான்). மொத பக்கத்துல ரெட் ஃபிளாக், அதாவது ஆபத்து அறிகுறி. ஒண்ணுக்கு அடைச்சுக்கிட்டா, தொடையிடுக்கு மரத்துப்போனா அன்னைக்கே பெரியாஸ்பத்திரிதான், பயிற்சி கியிற்சி கெடையாது.

பூக்காரம்மா_மகன்:
நான் பிசியோ இல்லண்ணே. எங்கம்மா உசிலம்பட்டி பக்கம் விடியுமுன்ன மல்லிகை பறிக்கப் போறவங்க. முட்டிவலிக்கு ஒரு எடத்துல பத்து நாள் கரண்ட் வச்சு, கடைசி நாள் இங்கிலீஸ்ல ஒரு பேப்பர் குடுத்தாங்க, படத்துல ஒரு வெள்ளைக்காரம்மா கட்டில்ல படுத்து காலைத் தூக்குது. எங்க வீட்ல கட்டிலே இல்ல. நான் படிச்சுச் சொல்லி ரெண்டு நாள் செஞ்சாங்க, மூணாவது நாள் வலி கூடிருச்சு, "இது நமக்கு ஆகாதுடா"ன்னு பேப்பரை மடிச்சு அரிசி டப்பாவுக்கு அடியில வச்சுட்டாங்க.

மேலூரான்:
அந்த மூணாவது நாள்தான் விசயமே. முட்டித் தேய்மானத்துக்கு இங்கிலாந்துல நைஸ்ங்கிற அமைப்பு 2022ல விட்ட வழிகாட்டுதல்லயே, ஆரம்பத்துல வலி கூடலாம், விடாம செஞ்சா நல்லதுன்னு முன்கூட்டியே சொல்லச் சொல்லிருக்கு. அம்மாகிட்ட யாரும் சொல்லல. கட்டில் வேணாம், திண்ணையில உக்காந்து கையூணாம எந்திரிக்கச் சொல்லுங்க, தாழ்வா இருந்தா மொதல்ல நாற்காலி, பறிக்கப் போறதுக்கு முன்னாடி வேணாம், சாயங்காலம் செய்யட்டும்.

திருமங்கலம்_பிசியோ:
திண்ணைய எழுதிக்கிட்டேன்ணே, மூணாவது நாள் நாங்களே போன் போட்டுக் கேக்குறதுன்னும் சேத்தாச்சு. கரண்ட்தான் இன்னும் ஒத்து வரல, மெசினு லோனு ஓடிக்கிட்டிருக்கு.