கொலஸ்ட்ரால் மாத்திரையால் பாதம் மரத்துப்போகுமா?

தையல்காரன்:
வயது 58. ஸ்டென்ட் வைத்ததிலிருந்து இரவில் கொலஸ்ட்ராலுக்கு அட்டோர்வாஸ்டாட்டின் (ஸ்டாட்டின் வகை மாத்திரை) 40 மி.கி. போடுகிறேன். கூடவே ஆஸ்பிரினும், வயிற்றுக்குப் பான்டோபிரசோலும். சர்க்கரை எல்லையில் நிற்கிறது, மூன்று மாதச் சராசரி 6.1.

கொஞ்ச காலமாக இரண்டு கால் விரல் நுனியிலும் எறும்பு ஊர்கிற உணர்வு. இப்போது பாதி பாதம்வரை ஏறிவிட்டது. வெறுங்காலோடு நின்றாலும் மெல்லிய காலுறை மாட்டியிருப்பது போலவே இருக்கிறது. ராத்திரியில் எரிச்சல் வேறு. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், பிழைப்புதான் இடிக்கிறது. காலர் முனை திருப்பும்போது மிஷினை ஒவ்வொரு தையலாக நகர்த்த வேண்டும். பெடலை எவ்வளவு அழுத்துகிறேன் என்று பாதத்துக்கே தெரியவில்லை, மிஷின் சர்ரென்று ஓடி முனையைத் தாண்டிவிடுகிறது.

மருந்துக்கடையில் ‘நரம்பு வைட்டமின்’ கொடுத்தார்கள், தினமும் சாப்பிடுகிறேன். ஸ்டாட்டின் நரம்பை அரித்துவிடும், இன்றே நிறுத்து என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. நிறுத்திவிடலாமா?

மாடிப்படி:
ஸ்டென்ட் வைத்தவர் நீங்களாக நிறுத்தவே கூடாது சார். எனக்கும் இதே மாத்திரையில் தொடை வலி வந்தது. டாக்டரிடம் சொன்னேன், ரோசுவாஸ்டாட்டினுக்கு மாற்றிக் கொடுத்தார், இப்போது தேவலை.

நரம்புச்சோதனை:
நரம்புக் கடத்தல் சோதனை எடுக்கும் டெக்னீஷியன் நான். டாக்டர் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மாடிப்படி சொன்னது தசை வலி. ஸ்டாட்டினோடு அதிகம் பேசப்படுவது அதுதான். தொடை, தோள், இடுப்புப் பக்கம் வலிக்கும் அல்லது வலுவிழக்கும். அண்ணனுக்கு இருப்பது வேறு. விரல் நுனியில் தொடங்கி, இரண்டு காலிலும் ஒரே சீராக மேலேறுகிறது. பெடல் மிதிக்கும் காலில் மட்டும் இருந்தால் முதுகெலும்பையோ, முழங்கால் பக்கம் நரம்பு அழுந்துவதையோ சந்தேகிக்கலாம். இரண்டிலும் என்றால் உடம்பு முழுக்கப் பரவுகிற ஏதோ ஒரு காரணம் இருக்க வேண்டும்.

அது ஸ்டாட்டினா? வாட்ஸ்அப் செய்தி ஒன்றுமில்லாததிலிருந்து முளைக்கவில்லை. 2002-இல் டென்மார்க்கில் ஓர் ஆய்வு வந்தது. காரணம் தெரியாத நரம்புப் பாதிப்பு உள்ள 166 பேரைப் பார்த்தார்கள். அவர்களில் நோய் உறுதியானவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், ஸ்டாட்டின் சாப்பிடுகிறவர்களுக்கு வாய்ப்பு சுமார் 14 மடங்கு என்று கணக்கு வந்தது. பயமுறுத்தும் எண்தான், ஆனால் உறுதியானவர்கள் கொஞ்சம் பேரே. அதே நாட்டில் இன்னும் அதிகம் பேரை வைத்து 2017-இல் வந்த ஆய்வில் அப்படியொரு தொடர்பே தெரியவில்லை. முதல் எண்ணைப் பரப்புகிறவர்கள் இரண்டாவதைப் பரப்புவதில்லை, அதுதான் எனக்கு எரிச்சல். எங்கோ ஒருவருக்கு மாத்திரையால் வரலாம், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் பட்டியலில் அதைவிடச் சந்தேகத்துக்குரியவை இருக்கின்றன.

6.1 என்பது ‘எல்லைதானே’ என்று விடுகிற எண் இல்லை. முழு நீரிழிவு வருமுன்னே மெல்லிய நரம்புகள் கெடத் தொடங்கலாம். பான்டோபிரசோலை நெடுநாள் சாப்பிட்டால் உணவிலுள்ள பி12 சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம், பி12 குறைந்தாலும் இதே மரமரப்புதான். தைராய்டையும் பாருங்கள். அது மந்தமானால் கொலஸ்ட்ராலும் ஏறும், நரம்பும் தொந்தரவு தரும், ஸ்டாட்டினின் தசை வலியும் கூடும். குடிப்பழக்கம் இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

பிறகு அந்த நரம்பு வைட்டமின். அட்டையைத் திருப்பி பி6, அதாவது பைரிடாக்சின், எத்தனை மி.கி. என்று படியுங்கள். பி6 அளவு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 12 மி.கி. என்று உச்ச வரம்பு வைத்தது. கடையில் கிடைக்கும் சில மாத்திரைகளில் அதைப்போல் பல மடங்கு இருக்கிறது. நரம்புக்கென்று சாப்பிடுகிற மருந்து நரம்பையே கெடுப்பது கொடுமை, ஆனால் நடக்கிறது. அதில் பி12-உம் இருந்தால் ரத்தச் சோதனையில் அளவு நல்லபடியாகவே காட்டிவிடலாம், அதனால் சாப்பிடுவதைச் சொல்லிவிட்டுச் சோதனை கொடுங்கள்.

எங்களிடம் அனுப்பினால் ஒரு விஷயம். கால் சில்லென்று இருந்தால் நரம்பின் வேகம் குறைவாகக் காட்டும். வெதுவெதுப்பாக்கிய பிறகு எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், சங்கடப்படாதீர்கள். இன்னொன்று, இந்தச் சோதனை தடித்த நரம்புகளைத்தான் அளக்கும். எரிச்சலைக் கடத்தும் மெல்லிய நரம்புகள் இதில் சிக்காது. முடிவு ‘நார்மல்’ என்று வந்தால் உங்களுக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை.

வேப்பமரத்தடி:
என் மனைவிக்கு ஸ்டாட்டினை மாற்றிய பிறகுதான் கால் மரப்பு குறைந்தது. ஆய்வு என்ன சொன்னால் என்ன, கண்ணால் பார்த்தேன்.

நரம்புச்சோதனை:
குறைந்ததில் சந்தோஷம். அந்தச் சமயத்தில் வேறு ஏதாவது கொடுத்தார்களா?

வேப்பமரத்தடி:
பி12 ஊசி போட்டார்கள்.

நரம்புச்சோதனை:
அப்படியானால் எது வேலை செய்தது என்று நானும் சொல்ல முடியாது, நீங்களும் சொல்ல முடியாது. மற்ற காரணங்கள் எல்லாம் இல்லை என்றான பிறகும் ஸ்டாட்டின்மேல் சந்தேகம் இருந்தால், இதய டாக்டர் பார்வையில் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாம், அல்லது வேறு ஸ்டாட்டினுக்கோ, ஸ்டாட்டின் அல்லாத எசெட்டிமைப் என்ற கொலஸ்ட்ரால் மருந்துக்கோ மாற்றலாம். நரம்பு மெதுவாகத்தான் தேறும், ஒரு வாரத்தில் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் கால் வேகமாக வலுவிழந்து மேலே ஏறினாலோ, தசை வலியோடு சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

தையல்காரன்:
அட்டையைப் பார்த்தேன் தம்பி. பைரிடாக்சின் 100 மி.கி. என்று போட்டிருக்கிறது. அதை நானாக வாங்கியதால் நானாகவே நிறுத்திவிட்டேன், ஸ்டாட்டினைத் தொடவில்லை. செவ்வாய்க்கிழமை டாக்டரைப் பார்க்கிறேன், அட்டையையும் கையோடு கொண்டு போகிறேன். அதுவரை காலர் வேலை மட்டும் பையன் தைக்கிறான்.