எல்என்பி (லிப்பிட் நானோ துகள்) 190 நானோமீட்டர், ஆர்என்ஏ உள்ளே போறது 30 சதவீதம்: எங்கே பிசகு?

பீளமேடு_ஆய்வகம்:
வணக்கங்க. ஜிஎஃப்பிங்கற பச்சையா ஒளிர்ற புரதத்தைச் செல்லுல செய்ய வைக்கிற எம்ஆர்என்ஏவுக்கு எல்என்பி போடறோம். எம்சி3 (அமிலத்துல நேர் மின்னூட்டம் ஏறுற லிப்பிட்), டிஎஸ்பிசி (பாஸ்போலிப்பிட்), கொலஸ்ட்ரால், பெக்-லிப்பிட் 50:10:38.5:1.5 மோல் கணக்கு. 100 மைக்ரோகிராம் ஆர்என்ஏவுக்கு எம்சி3 0.5 மில்லிகிராம். ஆர்என்ஏ பிபிஎஸ்ல (பிஹெச் 7.4 உப்புக் கரைசல்), 3 பங்கு. லிப்பிட் எத்தனால்ல, 1 பங்கு. ரெண்டு சிரிஞ்சு, டி-மிக்சர், கையாலதான் அழுத்தறது. பிடிஐ (துகள் அளவு எவ்வளவு சிதறியிருக்குங்கற எண்) 0.34.

ஈரோட்டுக்காரன்:
பிபிஎஸ்தாங்க முதல் வினை. எம்சி3யோட பிகேஏ (பாதி மூலக்கூறுக்கு மின்னூட்டம் இருக்கற பிஹெச்) 6.4. பிஹெச் 7.4ல அதுல பெரும்பகுதிக்கு மின்னூட்டமே இருக்காது, அப்புறம் ஆர்என்ஏவை எதை வெச்சுப் பிடிக்கும்? 50 மில்லிமோலார் சிட்ரேட், பிஹெச் 4க்கு மாத்துங்க.

கணக்கும் இடிக்குது. 1 மில்லிகிராம் ஆர்என்ஏவுல பாஸ்பேட் சுமார் 3 மைக்ரோமோல். என்/பி (எம்சி3 நைட்ரஜனுக்கும் ஆர்என்ஏ பாஸ்பேட்டுக்கும் உள்ள விகிதம்) 6னா எம்சி3 18 மைக்ரோமோல்; மூலக்கூறு எடை 642, ஆக 11.6 மில்லிகிராம். உங்க 100 மைக்ரோகிராமுக்கு 1.16 வேணும். 0.5 போட்டா என்/பி 2.6தான். எஸ்ஐஆர்என்ஏவுக்கு (குட்டி ஆர்என்ஏ) 3ல ஓட்டிரலாம், எம்ஆர்என்ஏவுக்குப் பத்தாதுங்க.

நாமக்கல்_லிப்பிட்:
கையை நம்பாதீங்க. சந்தகை பிழியறப்பவே நடுவுல கை தளரும். இங்க அரை நொடி தளர்ந்தாப் போதும், துகள் பருத்துரும். சிரிஞ்சு பம்ப் வெச்சு மொத்தம் நிமிஷத்துக்கு 12 மில்லிலிட்டர் ஓட்டுங்க. ஃப்ரீசர்ல இருந்து எடுத்த லிப்பிட் கரைசல்ல டிஎஸ்பிசியும் கொலஸ்ட்ராலும் படிஞ்சிருக்கும். 37 டிகிரியில சூடுபண்ணி, வெளிச்சத்துல தூக்கிப் பாருங்க. கண்ணாடி மாதிரி தெளியாட்டி அந்த விகிதம் தாள்ல மட்டும்தான்.

கலந்ததை 25 சதவீத எத்தனால்ல அப்படியே விட்டா ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கும். உடனே பிபிஎஸ்ல நீர்த்து, ராத்திரி முழுக்க 4 டிகிரியில டயாலிசிஸ் (சவ்வுப் பை வழியா எத்தனாலை வெளியேத்தறது), நடுவுல ஒருக்கா பஃபர் மாத்தணும்.

பீளமேடு_ஆய்வகம்:
மாத்தியாச்சுங்க. 88 நானோமீட்டர், பிடிஐ 0.12, உள்ளே 91 சதவீதம். ஆனா ஹெக் செல்லுல (மனித சிறுநீரகச் செல் வகை) பச்சையே காணோம். சீரம் இல்லாத மீடியம்.

ஈரோட்டுக்காரன்:
சீரம் இல்லைன்னா அப்போ-ஈயும் (சீரத்துல இருக்கற, கொழுப்பைச் சுமக்கற புரதம்) இல்லைங்களே. எம்சி3 துகள் மேல அந்தப் புரதம் படிஞ்சாத்தான் எல்டிஎல் ஏற்பி உள்ளே இழுக்கும். 2018ல அமெரிக்காவுல ஒப்புதல் வாங்கின பாட்டிசிரான் மருந்து கல்லீரலுக்குப் போறதும் இப்படித்தான். மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் மனித அப்போ-ஈ சேருங்க. உள்ளே போனாலும் எண்டோசோமை (செல் உள்ளே இழுக்கற பை) உடைச்சு வெளிய வர்றது சில சதவீதம்தான், அதனால டோசை ரொம்பக் குறைக்காதீங்க.

நாமக்கல்_லிப்பிட்:
கூடவே ஒரு கிணறுல அதே எம்ஆர்என்ஏவை மெசஞ்சர்மேக்ஸ்ல (ஆர்என்ஏவைச் செல்லுக்குள்ள சேர்க்கற, கடையில கிடைக்கற லிப்பிட்) போடுங்க. அதுலயும் பச்சை வரலீன்னா உடைஞ்சது எம்ஆர்என்ஏ, லிப்பிடை மாத்தி மாத்திப் புண்ணியமில்லை.