மீன் தொட்டியோடு கீரை: பைப்பா, ஜல்லியா, மிதவையா?

பவானிக்கரை:
வணக்கம். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு 1000 லிட்டர் தொட்டியில் திலேப்பியா விட்டிருக்கிறேன், மீன்வளத்துறை அனுமதி வாங்கியாகிவிட்டது. மீன் நன்றாகத் தின்கிறது, பிரச்சினை எல்லாம் செடியில்தான். தொட்டித் தண்ணீரை நேராக 4 இஞ்ச் பிவிசி பைப் வரிசைக்கு விட்டு அரைக்கீரையும் பாலக்கும் வைத்தேன். முதலில் பச்சைப்பசேலென்று வந்தது. இப்போது வேரைத் தூக்கிப் பார்த்தால் பழுப்பு நிறத்தில் வழவழவென்று ஒரு படலம், கடைசிச் செடிகள் மஞ்சள், மதியம் எல்லாமே தலை தொங்கிப் போகிறது. அடுத்து தக்காளி, மிளகாய் வைக்க ஆசை. பைப்பையே சரி செய்வதா, ஜல்லிக்கு மாறுவதா, தண்ணீரில் மிதக்கும் தெர்மாகோல் பலகையில் செடி வைக்கும் மிதவைக்குப் போவதா? எங்கள் பக்கம் கரண்ட்டை நம்ப முடியாது.

மீன்குட்டை:
அந்தப் படலம் மீன் கழிவு. வடிகட்டி இல்லாமல் பைப் முறை மீனோடு ஒத்துப்போகாது, வேர் மூச்சு விடவே வழியில்லாமல் போகும். அதோடு பைப்பில் ஓடுவது மெல்லிய தண்ணீர், நம் வெயிலில் சீக்கிரம் சூடாகும், கரண்ட் போனால் வேர் காயும். உங்கள் அளவுக்கு ஜல்லிப் படுகைதான் சரி. 30 செ.மீ. ஆழத்துக்குப் போட்டால் கழிவை அதுவே பிடித்துக்கொள்ளும், மீன் கழிவில் வரும் அம்மோனியாவைச் செடிக்கு உரமாகும் நைட்ரேட்டாக மாற்றுகிற பாக்டீரியாவுக்கும் அதுதான் வீடு, தக்காளிச் செடியும் சாயாமல் நிற்கும். ஒரு நாளைக்கு எவ்வளவு தீவனம் போடுகிறீர்கள்?

கீரைக்கட்டு:
மாடியில் வைத்திருந்தால் ஜல்லி வேண்டாம் நண்பரே, ஒரு சதுர மீட்டர் படுகையே ஏறக்குறைய அரை டன் வரும்.
மிதவையையும் ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். கீரை மட்டும் போட்டு விற்பதென்றால் அதுதான் லாபம், பம்பு நின்றாலும் வேர் தண்ணீரிலேயே இருக்கும். வர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ராகோசி குழுவினர் திலேப்பியாவை வைத்தே மிதவை முறையைப் பெரிய அளவில் நடத்திக் காட்டினார்கள். ஆனால் அங்கேயும் கழிவை வடிக்கத் தனித் தொட்டி இருந்தது, அதை விட்டுவிட்டு மிதவையை மட்டும் எடுத்தால் உங்கள் பைப்பில் வந்த அதே படலம் அங்கேயும் வரும்.

பவானிக்கரை:
மாடி இல்லை அண்ணா, தரைதான். தீவனம் 100 கிராம் போல.

மீன்குட்டை:
அப்படியென்றால் கணக்கு சுலபம். கீரைக்குச் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் மீன் தீவனம், தக்காளி மாதிரி காய்க்கிற செடிக்கு 50 முதல் 80. ஆக, உங்கள் 100 கிராமுக்குக் கீரை 2 முதல் 2.5 சதுர மீட்டர் தாங்கும், தக்காளி கலந்தால் அதைவிடக் குறைவு. அதற்கு மேல் செடி வைத்தால் மஞ்சளடிக்கும்.

முக்கால் இஞ்ச் கருங்கல் ஜல்லி வாங்குங்கள், கிரஷர் தூசி போகத் தெளிந்த தண்ணீர் வரும்வரை அலச வேண்டும், இதில் மட்டும் சோம்பல் படாதீர்கள். ஒரு கைப்பிடி எடுத்து அதன்மேல் வினிகர் ஊற்றிப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீரின் பிஎச் (அமில-காரத்தன்மை அளவு) ஏறிக்கொண்டே போகும், அந்த லோடைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். நம் போர் தண்ணீர் ஏற்கெனவே உப்பும் சுண்ணாம்புமாக இருக்கும், பிஎச் 6க்கும் 7க்கும் நடுவில் நின்றால் செடிக்கு இரும்புச்சத்து கிடைக்கும்.
படுகை நிறைந்ததும் தண்ணீரைத் தானாக வடித்துவிடும் பெல் சைபன் ஒத்துவரவில்லையென்றால் டைமர் வைத்து 15 நிமிடம் பம்பு, 45 நிமிடம் ஓய்வு என்று விடலாம்.

கீரைக்கட்டு:
பைப்பைக் கழற்றிப் போட வேண்டாம். தொட்டியிலிருந்து முதலில் ஜல்லிக்கு, அங்கே வடிந்த தண்ணீர் பைப்புக்கு என்று மாற்றினால் வேர் சுத்தமாக இருக்கும். மீட்டருக்கு ஒரு செ.மீ. சரிவு, ஒவ்வொரு பைப்புக்கும் நிமிடத்துக்கு 1 முதல் 2 லிட்டர் ஓட்டம், மேலே வெள்ளைப் பெயின்ட் அல்லது நிழல் வலை. கரண்ட் போனால் செடி கொஞ்ச நேரம் தாங்கும், மீன் தாங்காது, அதனால் முதல் செலவு பேட்டரியில் ஓடும் ஏர் பம்பாக இருக்கட்டும்.

பவானிக்கரை:
ரொம்ப நன்றி. ஜல்லி போட்ட உடனே தக்காளி நடலாமா?

மீன்குட்டை:
கீரையை உடனே நடலாம். புது ஜல்லியில் பாக்டீரியா பிடிக்க 4 முதல் 6 வாரம் ஆகும், அதுவரை தீவனத்தைக் குறைத்துப் போட்டு அம்மோனியா, அது நைட்ரேட்டாக மாறும்போது இடையில் வரும் நைட்ரைட் இரண்டையும் டெஸ்ட் கிட்டில் பார்த்துக்கொண்டே இருங்கள். இரண்டும் பூஜ்யத்துக்குப் பக்கம் வந்து நைட்ரேட் ஏற ஆரம்பித்ததும் தக்காளி நாற்றை எடுத்து வையுங்கள்.