சிசேரியன் விகிதத்தை மட்டும் வைத்து மருத்துவமனைகளை ஒப்பிடலாமா?

தரப்பிரிவு ஊழியர்:
வணக்கம். தமிழகத்தில் ஓர் அரசு மருத்துவமனையின் தரப் பிரிவில் பணிபுரிகிறேன். மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் எங்கள் சிசேரியன் விகிதத்தைச் சுற்றுவட்டார ஆரம்ப சுகாதார நிலையங்களோடு ஒரே அட்டவணையில் வைத்து, எங்களுடையது மட்டும் ஏன் சிவப்பில் இருக்கிறது என்று கேட்கிறார்கள். இரத்தக் கொதிப்பு, குறைமாதம், முந்தைய சிசேரியன் என்று சிக்கலுள்ள தாய்மார்களை 108 ஆம்புலன்சில் எங்களிடம் அனுப்பிவைப்பவை அதே நிலையங்கள்தாம். இதைப் புள்ளிவிவரத்தோடு எப்படி விளக்குவது?

மகப்பேறு மருத்துவர்:
2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன் என்பதால், மேலதிகாரிகளின் கவலையில் நியாயம் இருக்கிறது. கோளாறு அளக்கும் முறையில்தான். உலக சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்த ராப்சன் வகைப்பாடு பிரசவித்த அனைவரையும் பத்துக் குழுக்களாகப் பிரிக்கிறது. நிறைமாதத்தில், தலை கீழாக உள்ள ஒற்றைக் குழந்தையோடு, தானாக வலி கண்டு வரும் தலைச்சன் பிரசவங்கள் முதல் குழு. முன்பே சிசேரியன் ஆனவர்கள் ஐந்தாம் குழு. குறைமாதப் பிரசவங்கள் பத்தாம் குழு. உங்கள் ஐந்தாம், பத்தாம் குழுக்கள் பெருத்திருந்தால் மொத்த விகிதம் உயர்வது இயல்பே. ஆனால் மூன்றாம் குழுவை, அதாவது வயிற்றில் தழும்பில்லாமல் இரண்டாம், மூன்றாம் பிரசவத்துக்குத் தானாக வலி கண்டு வருபவர்களை, முதலில் பாருங்கள். அங்கே விகிதம் 3 சதவீதத்தைத் தாண்டினால், அனுப்பிவைத்தவர்கள்மேல் பழியைப் போட முடியாது.

பிரசவ வார்டு செவிலியர்:
டாக்டர் சொல்வது சரிதான். ஆனால் பதிவேடு சரியாக இருந்தால்தானே குழுப் பிரிப்பு நிற்கும்? இரவில் வார்டில் வலி வரவழைக்க மருந்து கொடுத்திருப்பார்கள். காலையில் பிரசவ அறைக்கு வந்ததும் பதிவேட்டில் 'தானாக வலி' என்று ஏறிவிடும். மருந்தால் வலி வரவழைத்த தலைச்சன் பிரசவம் என்று இரண்டாம் குழுவில் இருக்கவேண்டிய தாய் முதல் குழுவுக்குப் போய்விடுகிறார். ஆகவே கேஸ் ஷீட்டில் உள்ள மருந்துக் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே எண்ணுங்கள்.

தரப்பிரிவு ஊழியர்:
நன்றி. அப்படியானால் மொத்த விகிதத்துக்கு இலக்கு வைப்பதே தவறா?

மகப்பேறு மருத்துவர்:
தனியாக வைத்தால் ஆபத்து என்பேன். எண்ணைக் குறைக்க எளிய வழி, சிக்கலானவர்களை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பிவிடுவது. அதைவிடக் கொடியது, கத்தி எடுக்கவேண்டிய நேரத்தில் காத்திருப்பது. ஆகையால் ஒவ்வொரு குழுவின் விகிதத்துக்கும் பக்கத்திலேயே, குழந்தை இறந்து பிறந்தவை, பச்சிளம் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டவை, வெளியே அனுப்பப்பட்டவை ஆகிய மூன்றையும் போடுங்கள். ஒரு மாத எண்ணிக்கை சிறு குழுக்களுக்குப் போதாது. ஆறு மாதமாவது சேர்த்துக் காட்டுங்கள்.