ஒட்டிய துண்டுகள் ஒரே படமாக ஏன் சேர மறுக்கின்றன?

கேள்வி:
பல ஆண்டுகளாக எண்ணெய் வண்ணத்தில் வரைந்துவந்த நான், ஆறு மாதமாகப் பத்திரிகைத் துண்டுகள், பழைய கடிதங்கள், துணி ஆகியவற்றை அக்ரிலிக் வண்ணத்துடன் சேர்த்து கொலாஜ் (ஒட்டுப்படம்) செய்து பார்க்கிறேன். ஒரு பெண்ணின் முகத்துக்குப் பக்கத்தில் பூவின் படம் ஒன்றை ஒட்டினால், பூ பூவாகவும் முகம் முகமாகவும் தனித்தனியே நிற்கின்றனவே தவிர, இரண்டும் ஒரு படமாகச் சேர்வதில்லை. இன்றைய கலைஞர்கள் இதை எப்படிக் கையாள்கிறார்கள்?

மறுமொழி 1:
நைஜீரியாவில் 1983இல் பிறந்த இன்ஜிடேகா அகுன்யிலி கிராஸ்பியின் படங்களைப் பாருங்கள். தூரத்திலிருந்து அமைதியான ஒரு வீட்டின் உட்புறம்போலத் தெரிவது, அருகே சென்றதும் குடும்பப் புகைப்படங்களும் நைஜீரியப் பத்திரிகைப் படங்களும் நூற்றுக்கணக்கில் நெருங்கிய பரப்பாக மாறிவிடும். அவர் அவற்றை ஒட்டுவதைவிட, அசிட்டோன் என்ற கரைப்பான் கொண்டு தாளுக்கு மாற்றுவதே அதிகம். லேசர் அச்சுப் பிரதியை முகம் கீழாக வைத்துப் பின்புறம் அசிட்டோனைத் தடவி அழுத்தும்போது, மையின் தூள் இளகி அடித்தாளில் படிகிறது. படம் இடவலம் மாறி, சற்று வெளிறி வரும். அந்த வெளிறல்தான் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்த படங்களை ஒரே தொனிக்குக் கொண்டுவருகிறது. (காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்கு எட்டாமல் செய்யுங்கள்.)

மறுமொழி 2:
மேலே சொன்னது நல்ல வழிதான், ஆனால் இணைப்பை மறைப்பது ஒன்றே வழி என்று எண்ணிவிடக் கூடாது. பிரிட்டன் கலைஞர் ஜான் ஸ்டெசாக்கர் தம் ‘மாஸ்க்’ (முகமூடி) வரிசையில் பழைய திரை நடிகரின் உருவப்படத்தின் மேல் ஓர் அஞ்சலட்டையை மட்டும் வைக்கிறார். அட்டையின் விளிம்பு அப்படியே தெரிகிறது. ஆயினும் அதிலுள்ள குகையின் இருள் கண் இருக்க வேண்டிய இடத்தில் சரியாக விழுவதால், நம் பார்வையே அதை முகமாக்கிவிடுகிறது. கென்யாவில் பிறந்த கலைஞர் வங்கேச்சி முட்டு ஒரு வரிசையாகச் செய்த 12 கொலாஜ்களில் பழைய மருத்துவ விளக்கப்படத் தாள்களே அடித்தளம். நோயுற்ற உறுப்பின் படம் அங்கே முகத்தின் சதையாகிறது. உங்கள் பூ முகத்துக்கு ‘பக்கத்தில்’ இருக்கிறது என்கிறீர்கள், சிக்கல் அந்தச் சொல்லிலேயே இருப்பதாக எனக்குப் படுகிறது. முகத்தின் ஏதாவது ஒரு வேலையைப் பூ ஏற்றுக்கொள்ளாதவரை அது அலங்காரமாகவே நிற்கும்.

மறுமொழி 3:
அமெரிக்கக் கலைஞர் மார்க் பிராட்ஃபோர்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் தெருச் சுவரொட்டிகளை அடுக்கடுக்காக ஒட்டிவிட்டு, பிறகு இயந்திரத்தால் தேய்த்துக் கீழடுக்குகளை வெளிக்கொணர்கிறார். அவருக்கு ஒட்டுவது பாதி வேலைதான். இன்னொன்று, பழைய கடிதங்களின் அசலை ஒட்டாதீர்கள். மலிவான மரக்கூழ்த் தாள் வெளிச்சத்தில் பழுப்பேறி நொறுங்கும் என்பதால், அமிலமற்ற தாளில் நகலெடுத்துப் பயன்படுத்துவதே நல்லது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. நேற்றிரவு அந்தப் பூவை மெல்லப் பிரித்தெடுத்து, முகத்தின் வாய் இருந்த இடத்தில் வைத்துப் பார்த்தேன். அதன் இதழ் மடிப்பு உதட்டுக் கோட்டோடு ஏறக்குறைய பொருந்துகிறது. கன்னத்தின் பக்கம் மட்டும் அரை விரற்கடை அளவு வெட்ட வேண்டியிருக்கிறது, இன்னும் ஒட்டவில்லை.