பிட்டி தியாகராயரை நீங்கள் எங்கே சந்தித்தீர்கள்?

தியாகராய நகர் என்றதும் எல்லோருக்கும் ரங்கநாதன் தெருவும் புடவைக் கடைகளும்தான் நினைவுக்கு வரும். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான நீதிக் கட்சித் தலைவர் தியாகராயர் 1852இல் நம்ம கொருக்குப்பேட்டையில் பிறந்தவர் என்பது இந்த வடசென்னைப் பக்கத்திலேயே பலருக்குத் தெரியவில்லை. அவர் பெயரில் இருக்கும் இடங்களில் உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள். முதலில் என்னுடையது.

பழைய வண்ணாரப்பேட்டை டி.எச். ரோட்டில் இருக்கும் சர் தியாகராயா கல்லூரி உங்களுக்குத் தெரிந்ததுதான். அவர் இறந்து கால் நூற்றாண்டு கழித்து, 1950இல் தொடங்கினார்கள். மெட்ரோ 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்டபோது அங்கே வந்த நிலத்தடி நிலையத்துக்கும் அதே பெயரை வைத்தார்கள். ஒருநாள் ரயிலில் அந்த நிலையத்தின் பெயரை அறிவித்தபோது, எதிர் இருக்கையில் இருந்த சின்னப் பெண், "தியாகராயான்னா யாரும்மா?" என்று கேட்டாள். "அது காலேஜ் பேரு" என்றார் அம்மா. பக்கத்தில் இருந்த பெரியவர் குனிந்து கேட்டார்.

"பாப்பா, ஸ்கூல்ல மத்தியானம் சாப்பாடு போடுறாங்களா?"

"போடுறாங்க தாத்தா. முட்டையும் உண்டு."

"அதுக்குப் பிள்ளையார் சுழி போட்டவரு அவருதான். நம்ம ஏரியாக்காரரு."

பெரியவர் சொன்னது அத்தனையும் உண்மை. தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த 1920இல்தான் ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடத் தீர்மானம் போட்டார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பும் வைத்தார்கள். பசியோடு வரும் பிள்ளை படிக்காது, சோறு போட்டால் பள்ளிக்கு வரும் என்ற கணக்கை அன்றைக்கே போட்டிருக்கிறார்கள். காமராஜர், எம்.ஜி.ஆர். காலத்துத் திட்டங்கள் எல்லாம் அப்புறம் வந்தவை. அந்த அம்மா திரும்பி, "அப்படியா அய்யா, எனக்கே தெரியாதே" என்றார். தண்டையார்ப்பேட்டை வரும்வரை பெரியவர் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு இறங்கவே மனசு வரவில்லை.

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒருவர்:

நான் பார்த்தது ரிப்பன் மாளிகை வாசலில். பிறப்புச் சான்றிதழ் விஷயமாக அப்பாவோடு போயிருந்தேன். நேராக உள்ளே போகப் பார்த்தவனை அப்பா கையைப் பிடித்து நிறுத்தி, அங்கிருந்த சிலையைக் காட்டினார். "செருப்பைக் கழட்டிட்டு ஒரு கும்பிடு போடுடா" என்றார். எங்கள் தாத்தா தறி நெய்தவர். தியாகராயரும் நெசவுத் தொழில் செய்த தேவாங்கர் குடும்பம், சொந்தமாக நெசவுப் பட்டறை நடத்தியவர். எங்கள் வீட்டில் அவரை உறவுக்காரர் மாதிரிதான் பேசுவார்கள். 1882இலிருந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டு மாநகராட்சியில் உறுப்பினராக இருந்திருக்கிறார். அதிகாரிகளே உட்கார்ந்துவந்த தலைவர் நாற்காலியில் அதிகாரி அல்லாத ஒருவராக முதலில் உட்கார்ந்ததும் அவர்தான். எப்போதும் வெள்ளை உடுப்பு, அதனால்தான் வெள்ளுடை வேந்தர் என்ற பெயர். ஏப்ரல் 27 அவர் பிறந்தநாள், அன்றைக்குப் போனால் சிலைக்கு மாலை போட்டிருப்பதைப் பார்க்கலாம்.

கல்லூரியின் பழைய மாணவி:

என் அப்பா துறைமுகத்தில் கூலி வேலை பார்த்தார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான், ஏறியது இந்தக் கல்லூரியில். அப்போது ஒரு பேச்சுப் போட்டிக்காக அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். 1916இல் அவரும் டி.எம். நாயரும் மற்றவர்களும் சேர்ந்து தொடங்கிய அமைப்புதான் நீதிக் கட்சி. நாயர் கட்சிக்காக வாதாட லண்டன் போய், 1919இல் அங்கேயே இறந்தார். அதே கட்சியின் ஏ. ராமசாமி முதலியார் சென்னை மேயராக இருந்து, பிறகு ராஜதந்திரியாகி, 1945இல் ஐ.நா.வை உருவாக்கிய சான் பிரான்சிஸ்கோ மாநாட்டுக்கு இந்தியா சார்பில் போனார். ஐ.நா.வின் பொருளாதார சமூக மன்றத்துக்கு முதல் தலைவரும் அவர்தான். தியாகராயருக்கும் பெரிய பதவி வீடு தேடி வந்தது. 1920 தேர்தலில் கட்சி ஜெயித்ததும் ஆளுநர் வெலிங்டன் அமைச்சரவை அமைக்க அவரைத்தான் அழைத்தார். அவர் வேண்டாம் என்றார், சுப்பராயலு ரெட்டியார் முதலமைச்சர் ஆனார். தியாகராயர் மாநகராட்சியிலேயே இருந்துவிட்டார். மேடையில் இதைச் சொன்னபோது எனக்குக் குரல் தழுதழுத்தது. பரிசு கிடைக்கவில்லை, ஆனால் முன்வரிசையில் இருந்த பேராசிரியை எழுந்து வந்து, "நல்லா சொன்னம்மா" என்று தோளில் தட்டினார்.

முதலில் எழுதியவன்:

இரண்டு பேருக்கும் நன்றி. மெட்ரோ நிலையத்துக்குள் அவர் படமும், பள்ளிச் சாப்பாட்டுத் தீர்மானம் பற்றிய நான்கு வரியும் பெரிய எழுத்தில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி இருக்க வேண்டும் என்று ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். அடுத்த ஏப்ரல் 27க்குள் கொடுத்துவிட ஆசை. கையெழுத்துப் போட வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்லூரி வாசலுக்கு வாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள், அவர்கள் சொல்வதையும் எழுதிக்கொள்ளலாம்.