பாதி வேலை முடிந்த சொகுசு காரை விற்கப்போனால் யார் யார் வருவார்கள்?

என்னிடம் இருந்தது 1974-ஆம் ஆண்டு ரோல்ஸ்-ராய்ஸ் சில்வர் ஷேடோ. வேறு ஊருக்கு மாற வேண்டியிருந்ததால்தான் விற்றேன், கார் அலுத்துப்போய் அல்ல. வேலை பாதியில் நின்றிருந்தது. துருப்பிடித்த அடித்தகடுகளை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தாயிற்று, பிரேக் ஹைட்ராலிக்ஸையும் முழுக்கப் புதுப்பித்தாயிற்று. வெளியே மட்டும் பெயின்ட்டுக்கு முன் அடிக்கிற சாம்பல் நிறப் பிரைமர்தான். சீட் தோலில் வெடிப்பு, டாஷ்போர்டு மரத்தில் வார்னிஷ் உரிந்திருந்தது, கூரைத் துணி பின்சீட்டில் உட்காருபவர் தலையில் உரசும். பார்த்தவுடன் பிடிக்கிற கார் அல்ல.

விளம்பரம் போட்டதும் வருகிற "கடைசி விலை என்ன?" கூட்டத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எல்லோருக்கும் தெரிந்த கூட்டம்தான். நேரில் வந்தவர்களைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் வந்தவர் உதிரிபாக வியாபாரி. காரைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. ரேடியேட்டர் கிரில், அதன்மேல் நிற்கும் பெண் சிலை, வீல் கவர் நான்கு, சீட்டுகள் என்று வரிசையாகத் தொட்டுப் பார்த்து மனக்கணக்குப் போட்டார். "சார், இதை ஓட்டுறவன் நஷ்டப்படுவான், பிரிக்கிறவன் பிழைச்சுப்பான்" என்றார். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் வந்தவர்களிலேயே ஒளிவுமறைவு இல்லாத ஆள் அவர்தான். பிரித்து விற்றால் என்ன தேறும் என்று ஒரு தொகை சொன்னார். அதற்குக் கீழே யார் கேட்டாலும் பேச்சை முடித்துவிடலாம் என்று எனக்குத் தெளிவாகிவிட்டது. பாதி வேலை முடிந்த காரை விற்பவர்கள் இப்படி ஒருவரிடம் முதலிலேயே கேட்டுவைத்துக்கொள்வது நல்லது.

திருமணங்களுக்கு வாடகை விட வாங்க வந்தவர் வெள்ளை அடித்துத் தர முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். போய்விட்டார்.

அடுத்து வந்தவர் காந்தக்காரர். பழைய கார் பார்க்கப் போகும்போது சின்னக் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துப்போவது நல்ல பழக்கம். தகடு இருக்கும் இடத்தில் ஒட்டும், ஓட்டையைப் பட்டி என்கிற பசை பூசி மறைத்த இடத்தில் ஒட்டாமல் நழுவும். இவர் முன் கதவில் வைத்தார், விழுந்தது. பின் கதவில் வைத்தார், அதுவும் விழுந்தது. பானட், டிக்கி மூடி, எங்கேயும் ஒட்டவில்லை. முகம் மாறிவிட்டது. "என்ன சார், கார் முழுக்கப் பட்டியா?" என்று கேட்டார். கூட வந்த நண்பர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

சில்வர் ஷேடோவின் உடம்பு எஃகுதான். கதவுகள், பானட், டிக்கி மூடி மட்டும் அலுமினியம். அதில் காந்தம் ஒட்டினால்தான் கவலைப்பட வேண்டும். சொன்னேன், நம்பவில்லை. கதவின் உள் அட்டையைக் கழற்றி வெற்று உலோகத்திலேயே காந்தத்தை வைத்துக் காட்டினேன். சரி என்று தலையாட்டினார், ஆனால் திரும்ப வரவில்லை. ஒரு முறை சந்தேகம் விழுந்துவிட்டால் விளக்கம் எடுபடுவதில்லை. அதன்பிறகு யார் வந்தாலும் நானே முந்திக்கொண்டு அலுமினியக் கதையைச் சொல்லிவிட்டு, காந்தத்தைக் கையில் கொடுத்து, "கதவுக்குக் கீழே ஓடுற தகட்டில் வைத்துப் பாருங்கள், பின்சக்கர வளைவுக்கு உள்ளே பாருங்கள்" என்று அனுப்பினேன். இந்தக் காரில் துரு முதலில் தின்னும் இடங்கள் அவைதான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். முடிக்காத காருக்கு விலை கேட்கிறவர், முடித்த காரின் விலையிலிருந்து மிச்ச வேலைக்கான செலவைக் கழிப்பார். நியாயம். அப்புறம் பயத்துக்கென்று இன்னொரு தொகையைக் கழிப்பார். அந்த இரண்டாவது தொகைதான் பெரியது. மிச்ச வேலை கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் அதைக் கண்டு யாரும் அவ்வளவாகப் பயப்படுவதில்லை. முடிந்துவிட்டது என்று நாம் சொல்கிற வேலைதான் அவர்களைப் பயமுறுத்துகிறது, ஏனென்றால் அது பிரைமருக்கு அடியில் போய்விட்டது. எனவே விற்பதற்கு முன்னால் அவசரமாக ஒரு கோட் பெயின்ட் அடித்துவிடலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், வேண்டாம். புதுப் பெயின்ட்டைப் பார்த்தவுடன் வாங்குபவருக்கு அடியில் என்ன இருக்கிறதோ என்றுதான் தோன்றும். வெட்டிய தகடு, வெல்டிங் தையல், பிரைமர் அடிக்கும் முன் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் வரிசையாக அச்சிட்டு ஒரு கோப்பில் வைத்திருந்தேன். வெட்டி எடுத்த துருத் தகடுகளையும் தூக்கிப் போடவில்லை.

கடைசியில் வாங்கியவர் ஒரு வயதான பெண்மணி. பழைய கார்களைத் தானே பழுது பார்ப்பவர். பிரைமர், சீட் எதையும் பார்க்கவில்லை. நேராக ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து எஞ்சினை ஓடவிட்டார். பிரேக் அழுத்த எச்சரிக்கை விளக்குகள் அணையும்வரை காத்திருந்து எஞ்சினை நிறுத்தினார். இக்னிஷன் சாவியை மட்டும் திருப்பி வைத்துக்கொண்டு பிரேக்கை மிதித்து எண்ண ஆரம்பித்தார்.

இந்தக் காரின் பிரேக் சாதாரண பிரேக் அல்ல. எஞ்சினின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்டால் இயங்கும் இரண்டு பம்புகள் திரவத்தை அழுத்தி, நைட்ரஜன் அடைத்த இரண்டு கோளங்களில் சேமிக்கும். எஞ்சின் நின்றாலும் அந்தச் சேமிப்பை வைத்துப் பிரேக் பிடிக்கலாம். கோளத்தில் நைட்ரஜன் சரியாக இருந்தால் பல பத்து மிதிகள் தாங்கும், வடிந்துபோயிருந்தால் ஐந்தாறு மிதியிலேயே விளக்கு எரியும். அவர் நாற்பதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டு, "என்ன திரவம் ஊற்றினீங்க தம்பி?" என்று கேட்டார். இந்தக் காருக்கான பிரேக் திரவமான ஆர்.ஆர். 363 என்றேன். "டப்பாவைக் காட்டுங்க" என்றார். காட்டினேன். 1980-இல் வந்த சில்வர் ஸ்பிரிட்டில் மினரல் ஆயில் ஊற்ற வேண்டும். அதை ஷேடோவில் ஊற்றினால் ரப்பர் சீல்கள் எல்லாம் கெட்டுவிடும். அவர் பயந்தது அதற்குத்தான்.

பேரம் பேசினார், கொஞ்ச நஞ்சமல்ல. தோலுக்கும் கூரைத் துணிக்கும் மரத்துக்கும் தனித்தனியாகக் கழித்தார். ஆனால் பிரேக்குக்கும் தகட்டு வேலைக்கும் ஒரு காசு கழிக்கவில்லை. எனக்கு அது போதும்.

*

மேலே சில்வர் ஷேடோ விற்ற கதையை எழுதிய நண்பருக்கு ஒரு மாற்றுக் கருத்து. பெயின்ட் அடிக்காதீர்கள் என்பது சரிதான். ஆனால் அவர் கார் ஓடுகிற கார் என்பதை மறந்துவிட்டு எழுதியிருக்கிறார். அதுதான் விற்றுக்கொடுத்தது.

நான் விற்றது ஜாகுவார் எக்ஸ்ஜே6, இரண்டாம் சீரிஸ். டிங்கரிங் வேலை எல்லாம் பிரமாதமாக முடிந்திருந்தது. எஞ்சின் மட்டும் ஸ்டாண்டில், மீதி சாமான்கள் அட்டைப்பெட்டிகளில். படங்கள் இருந்தன, ரசீதுகள் இருந்தன, கம்பெனியின் பாரம்பரிய அறக்கட்டளை தந்த தயாரிப்புச் சான்றிதழும் இருந்தது. யாரும் சீந்தவில்லை. வந்த ஒருவர் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறக்கச் சொல்லி, ஜன்னல் குரோம் சட்டங்கள் எங்கே, இரண்டு பெட்ரோல் டாங்குக்கும் மூடி எங்கே என்று பட்டியல் போட ஆரம்பித்தார். எல்லாம் இருந்தது. ஆனாலும் முகத்தில் திருப்தி இல்லை. பிரித்துப் போட்ட காரில் ஏதோ ஒன்று இல்லாமல்தான் இருக்கும் என்பது வாங்குகிறவர்களின் நம்பிக்கை, அதை மாற்றவே முடியாது.

விளம்பரத்தை எடுத்துவிட்டு எஞ்சினைப் பொருத்தினேன். இந்தக் காரின் பின் டிஸ்க் பிரேக் சக்கரத்தில் இல்லை, இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலை ஒட்டி உள்ளே இருக்கும். பின்பக்கச் சட்டத்தை இறக்கி அதையும் சேர்த்தேன். சீட் இல்லை, ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்து ஓட்டினேன். சாவி திருப்பினால் ஸ்டார்ட் ஆகிறது, முன்னே பின்னே நகர்கிறது, நிற்கிறது. அவ்வளவுதான். மறுபடி விளம்பரம் போட்டபோது ஸ்டார்ட் ஆகிற வீடியோ ஒன்றை மட்டும் சேர்த்தேன். முன்பு வேண்டாம் என்று போன அதே மனிதரே திரும்பி வந்து வாங்கிப்போனார். பெட்டிகளை இந்த முறை திறக்கச் சொல்லவில்லை.

*

மேலே இருவரும் விற்ற கதையைச் சொன்னார்கள், நான் வாங்கிய பக்கம். மெர்சிடிஸ் 450 எஸ்இஎல் 6.9. உலகத்துக்கே 7,380 கார்கள்தான் தயாரித்தார்கள், அதனால் பாதி முடிந்ததாக இருந்தாலும் பரவாயில்லை என்று தேடினேன்.

விற்றவர் அதிகம் பேசாதவர். வாங்கலாம் என்று நான் முடிவு செய்தது அவர் ஆயில் பார்த்த விதத்தைப் பார்த்துத்தான். இதில் டிரை சம்ப், ஆயில் தனித் தொட்டியில் இருக்கும். எஞ்சின் சூடேறி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அளவு பார்க்க வேண்டும். வேறு சில இடங்களில் எஞ்சினை நிறுத்திவிட்டுக் குச்சியை உருவிக் காட்டினார்கள். இவர் ஓடவிட்டு, வெப்பநிலை ஊசி ஏறும்வரை நின்று, அப்புறம் உருவினார். கார் கம்பெனியிலிருந்து எப்படி வெளிவந்தது என்று சொல்லும் டேட்டா கார்டையும் காட்டினார். அதில் இருந்த பெயின்ட் குறியீடும் காரில் இருந்த நிறமும் வேறு வேறு. நான் கண்டுபிடிக்கும் முன்னரே அவராகவே சொன்னார்.

ஏமாற்றுக்காரர்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே? காரைப் பார்க்காமலே முழுப் பணமும் தருகிறேன், கூடுதலாகவே அனுப்புகிறேன், மிச்சத்தை வண்டி ஏற்றிப்போகும் ஆளிடம் கொடுத்துவிடுங்கள் என்பார்கள். வங்கியில் அந்தப் பணம் பிறகு திரும்பிப் போய்விடும், நீங்கள் கொடுத்த மிச்சம் போனது போனதுதான். ஷேடோ விற்ற நண்பரே, ஒரு கேள்வி. இரண்டு டன்னுக்கு மேல் கனமுள்ள காரை லாரியில் எப்படி ஏற்றினீர்கள்? எஞ்சினை ஓடவிட்டுப் பிரேக் அழுத்தத்தோடு ஏற்றினீர்களா, அல்லது வின்ச் போட்டு இழுத்தீர்களா?